எட்டு ஐம்பத்திரண்டுக்கு இருந்த மூன்று ஃபோல்டர்கள்

காலை எட்டு ஐம்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது, திரையில் மூன்றே மூன்று ஃபோல்டர்கள். நானூறுக்கு மேல் இருக்க வேண்டிய இடம் அது. 88, 214, 307 என்ற மூன்று எண்கள் மேல் வரிசையில் இருந்தன. மீதித் திரை வெள்ளையாகக் கிடந்தது.

தோளில் மாட்டிய பையை இறக்காமலே நோட்டை எடுத்து, நேரத்தையும் மூன்று எண்களையும் எழுதினேன். இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் வேலை பார்த்தவள் நான். முதலில் மணியை எழுது, பிறகு பார்த்ததை எழுது, நினைத்ததைக் கடைசியில் எழுது என்பது அங்கே கைக்குப் பழகிப்போனது. வேலையை விட்ட பிறகும் கை விடவில்லை.

“யக்கா, வீடு தீப்பிடிச்சாலும் நீங்க மொதல்ல மணியத்தான் எழுதுவிய” என்றாள் அலுவலகப் பெண்.

“தீ பிடிச்சது எப்பன்னு நாளைக்கு எல்லாரும் கேப்பாவல்லா, அப்ப தெரியணும்.”

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில் எங்கள் அலுவலகம். தோணிகளிலும் கப்பல்களிலும் வேலை பார்ப்பவர்களின் காகிதங்களைப் பாதுகாக்கும் சிறிய சங்கம். மூன்று பேர்தான். எழுபது தாண்டிய செயலாளர், எல்லோருக்கும் அண்ணாச்சி. பெரியதாழையில் பிறந்து இங்கே கட்டிக்கொடுக்கப்பட்ட அலுவலகப் பெண், ஸ்கேன் செய்வதும் அடுக்குவதும் அவள் பொறுப்பு. வாரத்தில் மூன்று நாள் போய்வரும் நான். கணினி பழையது. லினக்ஸ் தவிர வேறு எதைப் போட்டாலும் மூச்சு வாங்கியது. பத்திரிகையில் என் மேசைக் கணினியும் லினக்ஸில்தான் ஓடியது என்பதால், அதைப் போட்டுக்கொடுத்ததும் பார்த்துக்கொள்வதும் என் தலையில் விழுந்தது.

ஸ்கேன் செய்த பக்கங்கள் முன் அறைக் கணினியில் இருப்பதில்லை. உள் அறையில் ஒரு டிஸ்க் பெட்டி இருக்கிறது. இரண்டு பெரிய டிஸ்க்குகள் உள்ள கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள் முன் அறைக்கு வருகிறது. பெட்டியில் உள்ளதைக் கணினியில் ‘பதிவேடு’ என்ற ஒரு ஃபோல்டருக்குள் பொருத்திக் காட்ட வேண்டும். அதைத்தான் மவுன்ட் செய்வது என்கிறார்கள். காலையில் கணினியைப் போட்டதும் அது தானாகவே நடப்பதற்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அந்த வரியில் நானே சேர்த்த ஒரு சொல்லும் உண்டு. பெட்டி கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்து நிற்காதே, மேலே போ என்று கணினிக்குச் சொல்லும் சொல். அது இல்லாவிட்டால் பெட்டி பழுதான ஒரு நாளில் கணினியே எழாமல் போய்விடும் என்று பயந்தேன்.

இரண்டு மாதமாக ஒரு தொந்தரவு. சில காலைகளில் ‘பதிவேடு’ வருவதில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். தேநீர் குடித்துவிட்டு வந்து கணினியை அணைத்து மறுபடி போட்டால் எல்லாம் வந்துவிடுமாம். நெட்வொர்க் எழுவதற்குள் கணினி அவசரப்படுகிறது என்று முடிவு செய்து அரை நிமிடம் தாமதம் கொடுத்தேன். சரியாகவில்லை. கேபிளின் முனையை உப்புக்காற்று தின்றிருந்தது. அதை வெட்டிப் புது முனை போடச் செய்தேன். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு மறுபடி வந்தது. அடுத்த தடவை வந்தால் எதையும் தொடாதே, என்னைக் கூப்பிடு என்று சொல்லிவைத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாள். என் வீடு இரண்டு தெரு தள்ளி.

கணினியிடம் கேட்டேன். ‘பதிவேடு’ மவுன்ட் ஆகவில்லை. கையால் மவுன்ட் செய்து பார்த்தேன். பெட்டிக்குப் போக வழியில்லை என்று பதில் வந்தது. கேபிளைச் சுவரோரம் தடவிக்கொண்டே போனேன். உள் அறைக் கதவுடன் அது நின்றது. கதவு பூட்டியிருந்தது. சாவி அண்ணாச்சியிடம்.

“பூசை முடிச்சு ஒம்பது பத்துக்கு வருவாவ” என்றாள்.

ஒன்பது பத்துக்கு வந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் சாவிக்கொத்து. எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள் அறையைத் திறந்து போனார். அவர் காலை செபம் சொல்லும்போது யாரும் உள்ளே போவதில்லை. முணுமுணுப்பு நிற்கும் வரை வெளியே நின்றேன். பிறகு போய்ப் பார்த்தபோது மாதா படத்துக்குக் கீழே உள்ள பலகையில் பெட்டி இருந்தது, பச்சை விளக்கு எரிந்தது. வெள்ளம் வந்த வருடம் இந்த அறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாம். அதனால் இருப்பதிலேயே உயரமான இடம் பார்த்துப் பெட்டியை வைத்திருந்தார்கள்.

கேபிளின் முனையைப் பெட்டியில் ஒரு தரம் அழுத்தினேன். முன் அறைக்கு வந்து கணினியை அணைத்துப் போட்டேன். ஒன்பது இருபத்தொன்றுக்கு நானூற்றுச் சொச்சமும் வந்து நின்றன.

“கேபிள் தளர்வு. அழுத்தியதும் சரி” என்று நோட்டில் எழுதினேன். மணி சரி. செய்தி தவறு.

பத்து ஐந்துக்குத் தண்டல் வந்தார். தோணியை நடத்துகிறவரை இங்கே தண்டல் என்போம். ஆலந்தலைக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். கண்ணாடி போட்ட பெண்ணெல்லாம் அவருக்கு டீச்சர். நான் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

“டீச்சர், இன்னைக்கு நாலு மணிக்குள்ள குடுக்கணும். அதோட சரி, கதவ அடச்சிருவானுவ.”

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் வேலைக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். கப்பலைக் கயிறு கட்டி உள்ளே கொண்டுவரும் படகு. காலையில் போனால் மாலையில் வீடு. இருபத்தாறு வருடம் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் தோணியில் போய்வந்தவருக்கு அது பெரிய விஷயம். மனைவிக்கு இதயத்தில் கோளாறு கண்டிருந்தது. மாதக்கணக்கில் கடலில் இருக்க இனி முடியாது என்று முன்பு வந்தபோது சொல்லியிருந்தார். கடலில் இத்தனை வருடம் இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அவரிடம் இருந்தது ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி: போன நாள், வந்த நாள், சரக்கு, தோணி முதலாளியின் கையெழுத்து. அதை இரண்டு வாரத்துக்கு முன் எங்களிடம் கொண்டுவந்து ஸ்கேன் செய்துவிட்டு எடுத்துப் போனார்.

“நோட்டையே குடுத்துரலாமே?” என்றேன்.

அவர் பிளாஸ்டிக் பை ஒன்றை மேசையில் வைத்தார். உள்ளே நோட்டு ஊதிப்போய், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். எழுத்து இல்லை. நீலக் கறை இருந்தது.

“போன நடையில என் தகரப் பெட்டிக்குள்ள தண்ணி ஏறிட்டு டீச்சர். கப்பிக் கயித்தக் காப்பாத்தினேன், இத விட்டுட்டேன்.”

“அந்தக் கையெழுத்துகள மறுபடி வாங்க முடியாதா?”

“அதுல மூணு பேரு செத்துப்போயாச்சு. ஒருத்தர் இருக்காரு, அவருக்கு நம்மளையே அடையாளம் தெரியல.”

அலுவலகப் பெண் சிரித்தாள். “அண்ணே, நான்தான எடுத்தேன். ஒங்க உறுப்பினர் நம்பரு இருநூத்திப் பதினாலு. பயப்படாதிய, இந்தா வருது பாருங்க.”

வரவில்லை. 213 இருந்தது, 215 இருந்தது. நடுவில் இல்லை.

தேடும் கட்டத்தில் எண்ணைப் போட்டாள். இல்லை. வேறு எண்ணில் போய்விட்டதோ என்று நான் பெட்டி முழுவதையும் தேதிவாரியாகத் தேடினேன். ஸ்கேன் செய்த அந்த நாளில் மூன்று பேருடையது இருந்தது. அவருடையது இல்லை.

“எளா, நெசமாவே எடுத்தியா?” என்றார் தண்டல். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குப் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

“எடுத்தேன் அண்ணே. அறுபத்தி நாலு பக்கம். ஒவ்வொரு பக்கமா நான் திருப்ப, நீங்க பக்கத்துல நின்னு, இது மாலே, இது கொழும்புன்னு சொல்லல?”

“சொன்னேன்.”

“காலைல வந்திய. வெயிலுக்கு முன்னாடி போவணும்னிய.”

“ஆமா.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்கேன் செய்யும் நிரல் பக்கங்களை நேராகப் ‘பதிவேடு’ ஃபோல்டருக்குள் போட்டுவிடும். ஃபோல்டரைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. அறுபத்து நான்கும் சேர்ந்தது என்று திரை சொன்னதும் மூடிவிட்டாள். அதில் அவள் தவறு எதுவும் இல்லை.

பத்து முப்பத்தொன்று. எழுதிக்கொள்ள நோட்டை எடுத்தேன். “214 இல்லை” என்று எழுதிய கை நின்றது. அதற்கு நான்கு வரிக்கு மேலே, என் கையெழுத்திலேயே, 8.52, 3 ஃபோல்டர், 88, 214, 307 என்று இருந்தது.

காலையில் பார்த்திருக்கிறேன். என் கண்ணால் பார்த்து, எண்ணை எழுதியும் வைத்திருக்கிறேன். மவுன்ட் ஆகாத ஃபோல்டர் வெறுமையாக இருக்க வேண்டும். அதில் மூன்று ஏன் இருந்தன என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். எழுதிவிட்டதாலேயே கேட்டுவிட்டதாக ஒரு நினைப்பு.

“இருக்கு” என்றேன்.

“எங்கன?” என்றார்கள் இரண்டு பேரும்.

மேசையில் கிடந்த ரசீதுப் புத்தகத்தின் மேல் செய்தித்தாளை விரித்துக் காட்டினேன். பெட்டியில் இருப்பது இந்தத் தாள். இதை மேலே விரித்தால் அடியில் இருப்பது தெரியாது. காலையில் சில நேரம் தாள் விரிபடுவதில்லை. அந்த நேரத்தில் அவள் எடுத்த பக்கங்கள் பெட்டிக்குப் போகவில்லை, வெறும் மேசையில், அதாவது இந்தக் கணினியிலேயே விழுந்துவிட்டன. பிறகு தாள் வந்து மேலே விரிந்ததும் மறைந்துபோயின. அழியவில்லை.

தண்டல் செய்தித்தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“அடித்தட்டுல கெடக்க சரக்கு மேல வேற மூட்டைய அடுக்கிட்டாவ. அம்புட்டுத்தான?”

“அம்புட்டுத்தான்.”

“அப்ப மேல உள்ளத எறக்குங்க டீச்சர், என்னத்துக்கு நின்னு பேசுதிய?”

இறக்கச் சொன்னேன். கணினி மறுத்தது. அந்த இடம் உபயோகத்தில் இருக்கிறது, விட முடியாது என்றது. மறுபடி சொன்னேன். மறுபடி அதே பதில். தண்டலின் கை பிளாஸ்டிக் பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தது. பலவந்தமாக இறக்கவும் ஒரு வழி உண்டு. அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். ஸ்கேன் நிரல் பின்னால் திறந்தே இருந்தது. அவள் எண்ணைத் தேடிய விண்டோவும் திரையில் திறந்திருந்தது.

“எளா, எல்லாத்தையும் மூடு.”

“மூடிட்டேன் யக்கா.”

“அந்த ஸ்கேனையும்.”

“அதயுமா? சரி.”

மூன்றாம் முறை கணினி ஒன்றும் சொல்லவில்லை. லினக்ஸில் ஒன்றும் சொல்லாவிட்டால் நடந்துவிட்டது என்று பொருள். ‘பதிவேடு’ ஃபோல்டரைத் திறந்தேன். 88, 214, 307. இருநூற்றுப் பதினாலைத் திறந்தேன். முதல் பக்கத்தில் கறுப்பு ரெக்சின் அட்டை, அதன் மேல் அவளுடைய கட்டைவிரலின் நுனி.

தண்டல் நாற்காலியில் உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தார்.

“அந்த வெரலு யாருது?”

“என்னுதுதான்” என்றாள் அவள். “நான் எடுக்கலன்னு இனிச் சொல்லுவியளா?”

“நான் எங்க சொன்னேன், எளா? எடுத்தியான்னு கேட்டேன்.”

“கேட்டாவளாம். மூஞ்சியப் பாக்கணுமே. சொறாவு மீனு கடிச்ச மாதிரி.”

“சொறாவு கடிச்சா இவ்வளவு நேரம் தாங்காது. ஒரே கடிதான்.”

முதலில் மூன்று ஃபோல்டர்களையும் ஒரு பென் டிரைவில் ஏற்றினேன். பிறகு கணினியிலேயே வேறு இடத்தில் ஒரு பிரதி. பிறகு பெட்டியை மவுன்ட் செய்து அதற்குள் ஒரு பிரதி. மூன்று இடத்திலும் அறுபத்து நான்கை எண்ணினேன். அவளும் எண்ணினாள். தண்டலும் எழுந்து வந்து திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார், அவருக்கு அறுபத்து மூன்று வந்தது. மறுபடி எண்ணினார், சரியாக வந்தது.

அச்செடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. எங்கள் பிரின்டர் பத்துப் பக்கத்துக்கு ஒரு முறை ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில் மூன்று ஃபோல்டர்களும் உண்டான நேரத்தைப் பார்த்தேன். 88, ஒரு வியாழக்கிழமை, எட்டு நாற்பத்தேழு. 214, ஒரு செவ்வாய், எட்டு ஐம்பது. 307, ஒரு செவ்வாய், எட்டு நாற்பத்து நான்கு.

“செவ்வா, வியாழன்ல மட்டும் நீ சீக்கிரம் வாரியா?”

“பிள்ளைக்கு ரெண்டு மாசமா அன்னைக்கு ஸ்பெசல் கிளாஸ் யக்கா, நடுவுல ஒரு வாரந்தான் லீவு. எட்டரைக்கு விட்டுட்டு நேரா இங்கன வந்துருவேன். மத்த நாளு ஒம்பதரைக்குத்தான்.”

எல்லாம் ஒன்பது பத்துக்கு முன்னால். ஒன்பது பத்துக்கு இந்த அலுவலகத்தில் நடப்பது ஒன்றுதான். உள் அறைக்குப் போனேன். இந்த முறை பெட்டியைப் பார்க்கவில்லை. பெட்டியின் பின்னால் இருந்து இறங்கும் மின்கம்பியைப் பார்த்தேன். அது பலகைக்குக் கீழே ஒரு நீளப் பிளக் போர்டில் போய்ச் சேர்ந்தது. அதே போர்டில் மாதா படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு விளக்கின் கம்பி. இரண்டுக்கும் சுவரில் ஒரே ஸ்விட்ச்.

“அண்ணாச்சி, இந்த ஸ்விட்ச யாரு போடுதது?”

அவர் அச்சான பக்கங்களில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார். “நான்தான். செபம் சொல்லிட்டுப் போடுவேன். ஏன்?”

“சாயங்காலம்?”

“செபம் சொல்லிட்டு அணைப்பேன். ஆளில்லாத எடத்துல கரண்டு விளக்கு எரியலாமா? ஷார்ட் ஆயிட்டுன்னா?”

அவர் உள்ளே போய், செபம் சொல்லி, விளக்கைப் போட்ட பிறகுதான் நான் உள்ளே போவேன். அதற்குள் பெட்டியும் எழுந்து பச்சையாக நிற்கும். நான் போய்ப் பார்த்த எல்லா நாளும் அப்படித்தான். பெட்டி வாங்கிய நாளிலிருந்து தினமும் மாலையில் அதன் மின்சாரம் ஒரு சொல்லும் சொல்லாமல் பிடுங்கப்பட்டிருக்கிறது. டிஸ்க்குகள் இதுவரை கெடாமல் இருந்ததற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

“அப்ப எம் மேல தப்பா?”

“இல்ல அண்ணாச்சி. ஒரே ஸ்விட்ச். எந் தப்பும் உண்டு. பெட்டி வரலன்னா பரவால்ல, போயிருன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்குடுத்தது நான்.”

“சாவிய எங்கிட்ட குடுங்க, நான் வந்ததும் ஸ்விட்ச போட்டுருதேன் அண்ணாச்சி, ரெண்டு நாளுதான” என்றாள் அவள்.

“செபம் சொல்லாம மாதா விளக்கப் போடப்பிடாது.”

“செபத்த நான் சொல்லுதேன்.”

“நீ பாதி மந்திரத்த முழுங்குவ.”

“அப்ப பெட்டிக்குத் தனியா ஒரு பிளக் போடுவோம்” என்றேன். மின்வேலைக்காரர் மறுநாள் வந்தார். பெட்டிக்குத் தனி ஸ்விட்ச், அதன் மேல் ‘அணைக்கக் கூடாது’ என்று தாள் ஒட்டினோம். விளக்கின் ஸ்விட்ச் அண்ணாச்சியிடமே இருக்கிறது.

கணினியிலும் இரண்டு மாற்றம் செய்தேன். எழும்போதே பெட்டியைத் தேடாமல், யாராவது ‘பதிவேடு’ ஃபோல்டரைத் திறக்கும்போது தேடிப் பொருத்தச் சொன்னேன். பொருந்தாத நேரத்தில் அந்த இடத்தில் யாரும் எதையும் எழுத முடியாதபடி பூட்டினேன். இனி பெட்டி இல்லாமல் ஸ்கேன் செய்தால், முடியாது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லும். சோதனைக்காகப் பெட்டியை அணைத்துவிட்டு ஒரு பக்கம் எடுக்கச் சொன்னேன். முடியாது என்றது. அவளுக்குக் கோபம் வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இதெல்லாம் மறுநாள். அன்று பன்னிரண்டு ஐந்துக்கு அறுபத்து நான்கு பக்கங்களும் முத்திரையோடு ஒரு பச்சைக் கோப்பில் ஏறின. தண்டல் கோப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பைக்கின் பின்னால் ஏறினார். ஓட்டியது அவர் மச்சான்.

“மெதுவா போங்க, இன்னும் நாலு மணி நேரம் இருக்கு” என்று நான் வாசலில் இருந்து சொன்னேன்.

“டீச்சர் சொன்னா சரி” என்றார். பைக் மெதுவாகப் போகவில்லை.

இரண்டு நாற்பதுக்குப் போன் வந்தது. அவளுடைய போனுக்குத்தான் வந்தது, அவள் அதை உரக்க வைத்தாள்.

“எளா, வாங்கிட்டாவ. ஒவ்வொரு பக்கமாத் திருப்பிப் பாத்தாவ. பரீட்சைக்கு நாள் சொல்லுவாவளாம். டீச்சர் இருக்காவளா?”

“இருக்காவ, கேட்டுக்கிட்டுதான் இருக்காவ.”

“மொத பக்கத்துல யாரு வெரலுன்னு கேட்டாவ டீச்சர்.”

“என்ன சொன்னிய?”

“பெரியதாழ வெரலுன்னேன்.”

அவள் போனை வைத்துவிட்டுக் கட்டைவிரலைப் பார்த்தாள். அண்ணாச்சி உள் அறையில் இருந்து என்ன சிரிப்பு என்று கேட்டார். நான் நோட்டில் 2.40 என்று போட்டு, “ஏற்றுக்கொண்டார்கள்” என்று எழுதினேன். காலையில் கேபிளைப் பற்றி எழுதிய வரியை ஒரு கோடு போட்டு அடித்தேன்.

ஐந்தரைக்கு அண்ணாச்சி மாலை செபம் முடித்து விளக்கை அணைத்தார். அதற்கு முன் பெட்டியை நான் முறைப்படி நிறுத்தியிருந்தேன். அவள் மேசைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூலை மேசையில் அந்தப் பிளாஸ்டிக் பை இருந்தது. ஊறிய நோட்டைத் தண்டல் எடுத்துப் போகவில்லை.